மடிப்புக் கலையாத வலை

ஜைனுதீன் ஹஜ்ஜுக்குப் போவதென்று நிய்யத்து வைத்த நாளிலிருந்து யட்டவத்தையில் அவருக்குப் புத்தி சொல்லாத ஆள் இல்லை. மிளகும் பாக்கும் கராம்பும் வாங்கி விற்கிற கடை அவருடையது. சரக்குக் கொண்டு வந்தவர்கள் எல்லாம் மூட்டையைத் தராசில் வைக்குமுன் ஒரு யோசனையை வைத்தார்கள். கப்பலில் தலை சுற்றினால் இஞ்சி மெல்லச் சொன்னார் ஒருவர். அரபு நாட்டுச் சோறு தொண்டைக்குள் இறங்காது, தேசிக்காய் ஊறுகாய் கொண்டு போங்கள் என்றார் இன்னொருவர். அந்தத் தெருவில் மக்கத்துக்குப் போய் வந்தவர் ஒருவரும் இல்லை. அதனால்தான் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

அவருடைய மனைவி நூருன்னிஸா இஞ்சியைப் பற்றியும் ஊறுகாயைப் பற்றியும் கவலைப்படவில்லை. அவள் மனசில் ஒரே ஒரு பயம்தான். நுளம்பு.

அதைக் கேட்டு ஊர் சிரிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அது ஐம்பத்தாறாம் வருஷம். சர்க்கார் ஆட்கள் வந்து வீட்டுச் சுவரெல்லாம் நுளம்புக்கு மருந்தடித்துவிட்டுப் போன பிறகு குளிர்காய்ச்சல் என்கிற பேரையே சனங்கள் மறந்து போயிருந்தார்கள். நூருன்னிஸா மறக்கவில்லை. முப்பத்தைந்தாம் வருஷத்துப் பெரிய காய்ச்சலில், வீட்டுக்கு வீடு ஆட்கள் வரிசையாகக் கிடந்தபோது, அவளுடைய மூத்த பிள்ளை போனான். இரண்டு வயது. பேர் ஜவாஹிர். அன்றைக்கு ஜைனுதீனும் அதே காய்ச்சலில் கிடந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மையவாடிக்குப் போனவர்கள் பின்னால் நடக்க அவருக்குக் கால் எழவில்லை. அன்றோடு சரி. இருபத்தொரு வருஷத்தில் அந்தப் பேரை அவர் வாயால் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. அவளும் சொல்லச் சொல்லிக் கேட்டதில்லை.

இரண்டு பேரும் சேர்ந்து போவதாகத்தான் இருந்தது. ஆனால் மகள் ஹவ்வா தலைப்பிள்ளை வயிற்றோடு தாய் வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடித்தாலும் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தாள். "நீங்க போய்ட்டு வாங்க. அல்லாஹ் எனக்கு வேற வருஷம் வெச்சிருக்கான்," என்றாள் நூருன்னிஸா. சொன்னவள் சும்மா இருக்கவில்லை. பயணத்துக்கு வேண்டிய ஊசிகளைப் போட்டுக்கொள்ள அவர் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கூடவே போனாள்.

அங்கே நோய் பார்த்து மருந்து கொடுக்கும் அப்போத்திக்கரியாக இருந்தவர் சிவலிங்கம். மாத்தளை டவுன்காரர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்க்கிறவர். ஊசிகளைப் போட்டுவிட்டு, "வேற என்ன?" என்று கேட்டார்.

"ஐயா, அங்க நுளம்பு இருக்குமா?" என்றாள்.

ஜைனுதீன் சிரித்தார். "இவளுக்குப் பைத்தியம் ஐயா. அல்லாஹ்ட வீட்டுக்கு விருந்தாளியாப் போறவன நுளம்பு கடிக்குமா?"

"நபி நாயகத்தோட மதீனாவுக்குப் போன ஸஹாபாக்களையே காய்ச்சல் விடல்ல," என்றாள் நூருன்னிஸா. "பிலால் நாயகம் காய்ச்சல்ல கிடந்து மக்காவ நினைச்சு பைத்துப் படிச்சாங்க. நபி நாயகமே துஆ கேட்டுத்தான் அந்தக் காய்ச்சல் போச்சு. நீங்க அவங்கள விடப் பெரிய ஆளா?"

மௌலவியிடம் தப்பிக்கலாம், ஹதீஸ் தெரிந்த மனைவியிடம் தப்ப முடியாது.

சிவலிங்கம் அலுமாரியைத் திறந்து தவிட்டு நிறப் போத்தல் ஒன்றை எடுத்து வைத்தார். "தங்கச்சி கேட்டது சரிதான். அந்தப் பக்கமும் மலேரியா இருக்கு. இந்தக் குளிசையில வாரத்துக்கு ரெண்டு, ரெண்டும் ஒரே நாள்ல, சாப்பிட்ட பிறகு. போறதுக்கு ஒரு வாரம் முந்தியே தொடங்கணும். அங்க இருக்கிற வாரமெல்லாம் குடிக்கணும். ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் நாலு வாரம் விடாமக் குடிக்கணும்."

"வெள்ளிக்கிழமை எண்டு வெச்சிக்கிட்டா மறக்காது," என்றாள் அவள். "ஊருக்கு வந்த பிறகும் எதுக்கு ஐயா?"

"நெல்லு விதைச்ச அன்னைக்கேவா முளைக்குது? அங்க கடிச்ச கடி இங்க வந்துதான் முளைக்கும்." கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்துச் சொன்னார்: "இன்னொன்னு. நம்ம ஊர்ல காய்ச்சல் போயிருச்சு, நுளம்பு போகல்ல. ஒரு ஆள் காய்ச்சலைக் கொண்டாந்தாப் போதும், அந்த ஆளைக் கடிச்ச நுளம்பு வீடு வீடாக் கொண்டு போயிரும். பொழுது படறப்போ நீளக்கை சட்டை போடச் சொல்லுங்க. கை கால்ல பங்கிரிப் புல்லு எண்ணெய் பூசிக்கலாம், அந்த மணத்துக்கு நுளம்பு கிட்ட வராது. படுக்கிறப்போ வலை."

வீட்டில் ஒரு வலை இருந்தது.

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது, தானும் நடுங்கிக்கொண்டு கிடந்த ஜைனுதீன் மாத்தளைக்குச் சொல்லி அனுப்பிய வலை அது. நல்ல வெள்ளை வலை, அடியில் நாலு பக்கமும் நீலக்கரை. வந்து சேர்ந்தபோது பிள்ளை போய் ஏழாம் நாள் கத்தம் ஓதிக்கொண்டிருந்தார்கள். வந்த மடிப்போடு அதை அவள் பெட்டகத்தின் அடியில் வைத்தாள். பூச்சி அரிக்காமல் இருக்க, வருஷத்துக்கு ஒருமுறை மடிப்புக்குள் பழைய கராம்பை எடுத்துவிட்டுப் புதுக் கராம்பு போடுவாள். விரித்ததில்லை. ஹவ்வா பிறந்தபோதுகூட வேறு வலைதான் வாங்கினாள். அது எப்போதோ கிழிந்து கைப்பிடித் துணியாகிப் போனது.

இப்போது அதை எடுத்து ஹஜ் பெட்டியில், ஹஜ்ஜுக்கு உடுத்தும் வெள்ளை இஹ்ராம் துணிக்கு அடியில் வைத்தாள். ஆம்பிளைக்கு எல்லா வலையும் ஒரே வலைதான், எங்கே அடையாளம் தெரியப் போகிறது என்று நினைத்தாள். அவரைக் காப்பாற்றட்டும், பிள்ளைக்கு உதவாத வலை தகப்பனுக்காவது உதவட்டும் என்று நினைத்தாள். பக்கத்தில் பங்கிரி எண்ணெய்ப் போத்தல், குளிசைப் போத்தல். வெள்ளம் வருமுன் அணை போட்டாயிற்று.

புறப்படுகிற அன்று ஜைனுதீன் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்டார். எடையில் தவறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மிளகு கொண்டுவரும் கிழவர்கள் கையைப் பிடித்துக் கேட்டபோது அவர்களும் அழுதார்கள். கடைசியாக வீட்டுக்கு வந்து, அடுப்படியில் நின்ற மனைவியிடம், "நீயும் மாப்புச் செய்," என்றார்.

"வெள்ளிக்கிழமைக் குளிசையை மறக்காட்டி மாப்பு," என்றாள். சிரித்துக்கொண்டு சொல்லத்தான் பார்த்தாள், முடியவில்லை.

ஆவணி மாசக் கடைசியில் திரும்பி வந்தார். கறுத்து, மெலிந்து, தாடி வைத்து, முகத்தில் ஒரு வெளிச்சத்தோடு வந்தார். பஸ் நின்ற இடத்திலிருந்து வீடு வரை ஸலவாத்துச் சொல்லிக்கொண்டு கூட்டிவந்தார்கள். இனி அவர் ஜைனுதீன் இல்லை, ஹாஜியார்.

அன்று பின்னேரம் ஊரே முன்னறையில் இருந்தது. ஹஜ் பெட்டியைத் திறந்து வைத்து ஸம்ஸம் தண்ணீர், பேரீச்சம்பழம், தஸ்பீஹ் மணி என்று ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். நூருன்னிஸா அடுப்படியில் வட்டிலாப்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் முன்னறையில் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அடுத்த வீட்டு பீபிதான் ஆரம்பித்துவைத்தாள். மணிகள் முடிந்து போய் வெறுங்கையோடு நின்றவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "அது என்ன ஹாஜியார், அந்தப் போத்தல்ல வெள்ளையா?" என்று கேட்டாள்.

"அது குளிசை."

"மக்கத்துக் குளிசையா? எனக்கு இந்த முழங்கால் வலி மூணு வருஷமா..."

அது மக்கத்துக் குளிசை அல்ல, நம்ம ஆஸ்பத்திரி அலுமாரியிலிருந்து மக்கத்துக்குப் போய் அப்படியே திரும்பி வந்த குளிசை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஹஜ் பெட்டியில் வந்ததெல்லாம் பரக்கத் என்று கை நீட்டுகிற ஒரு பெண்ணிடம், நேற்றுத்தான் பாவமெல்லாம் கழுவி வந்த மனுசன் இல்லை என்று எப்படிச் சொல்வார்? ஒன்று கொடுத்தார். பீபிக்குக் கொடுத்தால் மற்றவர்கள் விடுவார்களா? நாலு வாரத்துக்கென்று இருந்ததே எட்டுக் குளிசை. பீபியோடு சேர்த்து எட்டுப் பேர் பிஸ்மி சொல்லி வாங்கினார்கள். பீபி அங்கேயே மென்றுவிட்டு முகத்தைக் கோணிக்கொண்டு, "பரக்கத்தான மருந்து எண்டா கசக்கத்தான் செய்யும்," என்றாள்.

முதல் வெள்ளிக்கிழமை, ஹவ்வாவின் இடுப்பைத் தடவிக்கொண்டிருந்த நூருன்னிஸா உள்ளிருந்தே கேட்டாள்: "குளிசை குடிச்சீங்களா?"

"அது முடிஞ்சிது," என்றார். புது ஹாஜியார் பொய் சொல்ல மாட்டார். போத்தல் முடிந்துதான் போயிருந்தது. இந்த வாரத்துக்குரியது முடிந்ததென்று அவள் எடுத்துக்கொண்டாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே கேள்வி, அதே பதில்.

பெட்டியை ஒதுக்கும்போதுதான் வலையைப் பார்த்தாள். வைத்த மடிப்பு வைத்தபடி இருந்தது. எண்ணெய்ப் போத்தலின் தக்கைகூடத் திறக்கப்படவில்லை.

"இது என்ன?" என்றாள்.

"இஹ்ராம்ல இருக்கிறப்போ ஆம்பிளை தலைய மூட ஏலாதே. எண்ணெயும் மணம்தானே, மணம் பூச ஏலாது."

"வலை தலையிலயா தொடுது? மேல தொங்குது. கூடாரத்துக்குள்ள இருக்கலாம், வலைக்குள்ள இருக்க ஏலாதா? அதுவும் இஹ்ராம் சில நாள்தானே. மத்த நாளெல்லாம்?"

"இஹ்ராம்ல ஒரு உசிரக் கொல்ல ஏலாது. நான் ஒரு நுளம்பக்கூட அடிக்கல்ல, நூரு," என்றார் பெருமையாக.

"நீங்க அடிக்கல்ல. அது உங்கள விட்டுச்சா?"

அவர் எழுந்து தொழப் போய்விட்டார்.

மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் ஹவ்வாவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. மருத்துவிச்சி குளிப்பாட்டிச் சுற்றிக் கொடுத்தாள். காதில் பாங்கு சொல்லி, மதீனாப் பேரீச்சம்பழத்தை மென்று பிள்ளையின் அண்ணத்தில் தடவ ஹாஜியார் வர வேண்டும். தெருவிலேயே முதல் ஹாஜியார், அவருடைய முதல் பேரன். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி என்று பீபி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் ஹாஜியாரைக் காணோம்.

நூருன்னிஸா தேடிப் போனாள். கடைக்குப் பின்னால் மிளகு மூட்டை அடுக்குகிற அறையில், கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்.

"புள்ளைக்குப் பாங்கு சொல்லணும், வாங்க."

"மருமகனச் சொல்லச் சொல்லு."

"ஈத்தம்பழம்?"

"அதையும் அவனே வைக்கட்டும். எனக்குத் தடிமன், மூக்கு ஒழுகுது. கதவத் திறக்காத."

அவளுக்கு வந்த கோபத்தில் கண் கலங்கிவிட்டது. ஊருக்கெல்லாம் பரக்கத் கொடுத்தவருக்குச் சொந்தப் பேரனுக்கு ஒரு பழம் கொடுக்க மனசில்லையா? மருமகனே பாங்கு சொன்னான். பழத்தை மட்டும் அவள் யாரையும் தொட விடவில்லை.

மறுநாளும் அவர் வெளியே வரவில்லை. சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொன்னார். வியாழக்கிழமை மத்தியானம் சோற்றைக் கொண்டுபோனவளுக்கு, கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. பல்லோடு பல் அடிக்கிற சத்தம். அந்தச் சத்தத்தை அவள் இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறாள். தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தோளால் கதவைத் தள்ளினாள்.

மூன்று சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். "வராத, வராத," என்று கையை நீட்டினார்.

"குளிசை குடிச்சீங்கதானே? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்டேனே!"

அப்போதுதான் வெளியே வந்தது. பீபியின் முழங்காலும் எட்டுக் குளிசையும். நூருன்னிஸாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மகளுக்குத் துணையாக அதே பீபியை உட்காரவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

சிவலிங்கம் கூடவே வந்தார். விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்தார். குளிசை கொடுத்து, கண் முன்னாலேயே விழுங்கவைத்தார். "பயப்படாதீங்க, இது மலேரியா மாதிரிதான் இருக்கு. நேரத்துக்குப் புடிச்சிட்டோம், மாறிரும். ஆனா பொழுது பட்டா இவர் வலைக்குள்ள இருக்கணும். இவரைக் கடிச்ச நுளம்பு வேற யாரையும் கடிக்கக் கூடாது. வீட்டுல புள்ள இருக்கு. அதையும் வலைக்குள்ள போடுங்க."

"ஒரு வலைதான் ஐயா இருக்கு," என்றாள்.

"புள்ளைக்குப் போடு," என்றார் ஜைனுதீன் சாக்குக்குள்ளிருந்து. "என்னை இங்கயே பூட்டி வை. என்னோட மூச்சு அவன்ல படக் கூடாது."

"மூச்சுல ஒட்டாது ஹாஜியார்," என்றார் சிவலிங்கம். "தொட்டாலும் ஒட்டாது, தூக்கினாலும் ஒட்டாது. நுளம்பு தூக்கிக்கிட்டுப் போனாத்தான் உண்டு. அந்த நுளம்பும் பொழுது பட்ட பிறகுதான் வெளிக்கிடும். பகல்ல நீங்க தாராளமாப் பேரனைத் தூக்கலாம்."

ஜைனுதீன் நடுக்கத்தோடு எழுந்து உட்கார்ந்தார். "தூக்கினா ஒட்டாதா?"

"ஒட்டாது."

"நெஞ்சில போட்டுக்கிட்டுப் படுத்தா?"

சிவலிங்கம் இல்லையென்று தலையாட்டினார். அவர் போன பிறகு ஜைனுதீன் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு அவன் என் நெஞ்சிலதானே படுத்திருந்தான், நூரு," என்றார். "எனக்குக் காய்ச்சல் கொதிச்சிக்கிட்டு இருந்திச்சி. அவன் இறங்க மாட்டேன் எண்டான். நானும் இறக்கல்ல. நான்தான் குடுத்தேன் எண்டு..." சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அந்த வலைய நான் கப்பல்லயே பார்த்துட்டேன். நீலக்கரை. அதுக்குள்ள என்னால படுக்க ஏலல்ல. அது எனக்கு வாங்கினது இல்லையே," என்றார்.

நூருன்னிஸா மிளகு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். இந்த மனுசன் மறந்துவிட்டார் என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்தாள்! சில நாள் அதற்காக அவரை வெறுத்தும் இருக்கிறாள். பக்கத்தில் படுத்த ஆள் இப்படி ஒரு கல்லைச் சுமந்துகொண்டு மக்கத்துக்குப் போய், அதை இறக்காமல் திரும்பக் கொண்டு வந்திருக்கிறார்.

"ஊரு முழுக்கக் காய்ச்சலா இருந்திச்சி," என்றாள். "எந்த வீட்டு நுளம்பு கடிச்சிச்சி எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நீங்க இறக்கி விட்டிருந்தா அவன் அழுதுக்கிட்டே போயிருப்பான். உங்க நெஞ்சிலயாவது தூங்கினானே."

அவர் கையைப் பிடித்தாள். அது தணலாகக் கொதித்தது. அவரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காய்ச்சல் விட்டிருந்தது. ஜும்ஆவுக்குப் பாங்கு கேட்டபோது நூருன்னிஸா பாயை விரித்து அதன்மேல் வலையை வைத்தாள். மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பழைய கராம்புகள் உதிர்ந்தன. பெரிய கட்டிலுக்கென்று எடுத்த வலை, அறை முழுக்க விரிந்தது. நீலக்கரை புதுசாக இருந்தது. இருபத்தொரு வருஷமாக வேறு கை படாமல் வைத்திருந்ததை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். பிறகு பிஸ்மி சொல்லிக் கத்திரியை எடுத்து நடுவே வெட்டினாள்.

தையல் மெஷினை ஹாஜியார் படுத்திருந்த அறை வாசலுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் தைக்கத் தைக்க, பீபி பிள்ளையைக் கொண்டு வந்தாள். குளிசை தின்ற வெட்கத்தில் அன்று அவள் அதிகம் பேசவில்லை. ஜைனுதீன் சுவரில் சாய்ந்து கையை நீட்டினார். பேரனை வாங்கி மடியில் வைத்தார், பிறகு மெதுவாக நெஞ்சின்மேல் சாய்த்துக்கொண்டார். மூன்று நாளாக எடுத்து வைத்திருந்த பேரீச்சம்பழத்தை நூருன்னிஸா நீட்டினாள். மென்று, விரல் நுனியில் எடுத்து, பிள்ளையின் வாய்க்குள் தடவினார். பிள்ளை சப்புக்கொட்டியது. ஹாஜியார் அழுதார். தாடி நனைய அழுதார். நூருன்னிஸா மெஷினை நிறுத்தவில்லை; நிறுத்தினால் அவளும் அழுதிருப்பாள், பொழுது படுவதற்குள் இரண்டு வலை முடிந்திருக்காது.

அஸர் தொழுத கையோடு அவரே சொன்னார்: "பொழுது படப் போகுது. கொண்டு போ. வலைக்குள்ள போடு."

ஹவ்வாவின் பக்கத்தில் சின்ன வலையைக் கட்டி, நீலக்கரையைப் பாய்க்கு அடியில் சுற்றிச் செருகினாள். பிறகு பின்னறைக்கு வந்து மற்றதைக் கட்டினாள். அவர் உள்ளே போய்ப் படுத்தார். கரையை நாலு பக்கமும் செருகிவிட்டு, மஃரிபுக்கு விளக்கேற்ற அவள் திரும்பினாள்.

"நூரு," என்றார் வலைக்குள்ளிருந்து.

"என்ன?"

"ஜவாஹிர் தூங்கிட்டானா?"

பிள்ளைக்கு இன்னும் பேர் வைத்திருக்கவில்லை. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தூங்கிட்டான்," என்றாள். "வலைக்குள்ளதான் தூங்குறான்."